‘அராக்’ என்ற சொல்லுக்கு நம் ‘அரக்கு’ தாயா?

செங்காந்தள் எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் பனைமரத்தைப் பற்றி ஒரு சிறு கண்காட்சி வைக்கிறோம். ஓலை, நார், நுங்கு, கருப்பட்டி, பதநீர், கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை. வாசகங்களைத் திருத்தித் தரும் வேலை என்னுடையது. கள் பற்றிய அட்டைக்கு ஒரு நண்பர் இப்படி எழுதித் தந்திருக்கிறார்: “உலகின் பல நாடுகளில் மதுவைக் குறிக்க வழங்கும் அராக் என்ற சொல், அரக்கு என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது.”

படித்ததும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளிப் பிள்ளைகள் வந்து நின்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போகப்போகிற வாசகம் இது. தவறாக இருந்தால் அந்தத் தவறு அவர்களோடு வீட்டுக்குப் போகும். அரக்கு என்று சொன்னால் என் நினைவுக்கு வருவது அஞ்சல் பொட்டலத்தில் முத்திரை வைக்கும் அரக்குதான். அதற்கும் மதுவுக்கும் என்ன உறவு? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெய்தல் எழுதியது:

உறவு இருக்கிறது. அரக்கின் நிறம் சிவப்பு. மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்த தென்னஞ்சாராயத்தின் நிறமும் செம்பொன். நிறத்தால் வந்த பெயர் அது. சிங்களத்தில் இன்றைக்கும் அதை அரக்கு என்றுதான் சொல்கிறார்கள், ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. கறி, கட்டுமரம், சுருட்டு என்று எத்தனையோ சொற்கள் இங்கிருந்து கப்பலேறியிருக்கின்றன. இதற்கு மட்டும் ஏன் தயங்க வேண்டும்? அட்டையை அப்படியே அச்சுக்கு அனுப்புங்கள்.

முதுமொழி எழுதியது:

அனுப்ப வேண்டாம் அம்மா. சற்றுப் பொறுங்கள்.

31 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்தவன். இந்தக் கேள்வியை மாணவர்கள் என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். முதலில் அரக்கு என்ற சொல் நம் பழைய பாட்டுகளில் எங்கே வருகிறது என்று பார்ப்போம். அகநானூற்றின் 14ஆம் பாட்டு, ஒக்கூர் மாசாத்தனார் பாடியது, “அரக்கத் தன்ன செந்நிலப் பெருவழி” என்று தொடங்குகிறது. அரக்கைப் போலச் சிவந்த நிலத்தில் நீண்டு கிடக்கும் வழி. மழை பெய்து ஓய்ந்த முல்லை நிலத்தைக் கண்ணால் கண்டவர் எழுதிய வரி அது. நற்றிணையின் 25ஆம் பாட்டிலும் சங்கின் முதுகில் அரக்கைத் தீற்றியது போன்ற சிவந்த கோடுகள் வருகின்றன. பாண்டவர்களை உள்ளே வைத்து எரிக்கக் கட்டியது அரக்கு மாளிகை. எல்லாம் ஒரே பொருள்தான்: மரக்கிளையில் அப்பிக்கொண்டு வாழும் சிறு பூச்சி சுரக்கும் செந்நிறப் பிசின். அந்தப் பாட்டுகளில் யாரும் அரக்கைக் குடித்ததாக நான் படித்ததில்லை.

குடிப்பதற்குப் பெயர் இல்லாமலா போயிற்று? கள், நறவு, தேறல், தோப்பி, மட்டு, பிழி, அரியல், மது என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஒவ்வொன்றும் வேறு பொருளைத் தொட்டு நிற்கிறது. பிழிந்தெடுத்தது பிழி. வடிகட்டித் தெளிந்தது தேறல். தேறுதல் என்றால் தெளிதல். நோயிலிருந்து தேறினான், தேர்வில் தேறினான் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்த வினைதான். நறவில் மணம் இருக்கிறது. பதிற்றுப்பத்தின் 60ஆம் பாட்டில் காக்கைபாடினியார் நச்செள்ளையார் ஓர் ஊரின் பெயரைச் சொல்ல “துவ்வா நறவு” என்கிறார். உண்ணப்படாத நறவு என்று பொருள். நறவு என்றே ஓர் ஊர் இருந்தது. கேட்பவர் கள்ளென்று நினைத்துவிடாமல் இருக்க ஒரே ஓர் அடைமொழியால் ஊரையும் கள்ளையும் பிரித்துவிட்டார். இந்த இடத்தை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன்.

அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூறு 235 உங்களுக்குத் தெரிந்திருக்கும். “சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே.” கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட, தானும் மகிழ்ந்து உண்பான். அந்த ‘மன்னே’ என்ற அசையில் இருக்கிறது அழுகை: அதெல்லாம் முடிந்துபோயிற்று. கள் என்ற சொல் நம் மொழியில் எவ்வளவு ஆழத்தில் வேர்விட்டது என்று காட்ட இந்த ஒரு பாட்டே போதும். வேறொருவர் சொல்லுக்கு உரிமை கொண்டாட வேண்டிய தேவை நமக்கு இல்லை.

அத்தர்க்கடை எழுதியது:

முதுமொழி ஐயா இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அந்தப் பக்கத்துக் கதவை நான் திறக்கிறேன்.

எங்கள் குடும்பம் வாணியம்பாடியில் யுனானி மருந்துக்கடை வைத்திருந்தது. என் பாட்டனார் ஐந்து வேளையும் தொழுதவர். மதுவை வாழ்நாளில் தொட்டவரல்லர். அவருடைய கடையில் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டு முழுவதும் ‘அரக்’ தான். அரக் குலாப், அரக் பாதியான், அரக் அஜ்வாயின் என்று தாள் ஒட்டிய பாட்டில்கள். முதலாவது பன்னீர், அடுத்தது சோம்பிலிருந்து இறக்கியது, மூன்றாவது ஓமத்திலிருந்து இறக்கியது. வயிறு உப்பிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்மார்களுக்கு அவர் கொடுத்தது அந்த மூன்றாவது அரக். யுனானியில் அரக் என்றால் காய்ச்சி வடித்த நீர். அதில் போதை இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

அவர் அதை இறக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். செம்புப் பாத்திரம், அதன் பெயர் கரா அம்பீக். முந்தின இரவே ஊறப்போட்ட ஓமத்தைத் தண்ணீரோடு அதில் ஊற்றுவார். மூடியை வைத்து, விளிம்பைச் சுற்றி மாவைக் குழைத்து ஒட்டுவார், ஆவி எங்கேயும் ஓடிவிடக்கூடாது. மேல்மூடியின் தலையில் குளிர்ந்த நீர் நிற்கும். அடுப்பு மெல்ல எரியும். நெடுநேரம் ஒன்றுமே நடக்காது. பிறகு பாத்திரத்திலிருந்து நீளும் குழாயின் மூக்கில் ஒரு மினுமினுப்பு, அது பருத்து ஒரு துளி, துளி கனத்துத் தயங்கி, விழும். பாட்டனார் அப்போது ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தையைச் சொல்வார்: “வியர்க்கத் தொடங்கிவிட்டது.”

அரபுச் சொல்லின் பொருளும் அதுதான். அரக் என்றால் வியர்வை. மூடியின் உட்புறத்தில் நெற்றி வியர்வையைப் போலத் துளிர்த்து வழிகிறதே, அதைப் பார்த்து வைத்த பெயர்.

இன்னொன்று. அரபியில் இந்தச் சொல் ‘அய்ன்’ என்ற எழுத்தில் தொடங்குகிறது. தொண்டையின் அடியிலிருந்து இறுக்கி எழுப்பும் ஒலி; தமிழ் அகரம் அன்று. இறுதி எழுத்தும் நம் ககரம் அன்று, உள்நாக்கைத் தொட்டு வரும் ‘காஃப்’. அரக்கு அரபியர் காதில் விழுந்து அப்படியே ஏறியிருந்தால் ‘அலிஃப்’ என்ற எளிய எழுத்தில்தான் தொடங்கியிருக்கும். வியர்த்தான், வியர்க்கிறான் என்ற வினைகளும் அதே மூன்று வேரெழுத்துகளிலிருந்து அங்கே பிறக்கின்றன. விருந்தாளிச் சொல்லுக்கு அவ்வளவு பெரிய குடும்பம் அங்கே இருக்காது.

நெய்தல் எழுதியது:

அத்தர்க்கடை அண்ணன் எழுதியதைப் படித்து நெகிழ்ந்தேன். ஆனாலும் ஒரு கேள்வி. அரபு வணிகர்கள் நம் கரைக்கு வந்து போனவர்கள். பனஞ்சாற்றையும் தென்னஞ்சாற்றையும் இங்கே கண்டு, பெயரையும் இங்கேயே வாங்கி, பிறகு தங்கள் வியர்வைச் சொல்லோடு பொருத்திக்கொண்டிருக்கக் கூடாதா? எழுத்தைத் தங்கள் வழக்கப்படி மாற்றிக்கொள்வது எல்லா மொழியிலும் நடப்பதுதானே?

திசைகாட்டி எழுதியது:

நல்ல கேள்வி, நெய்தல். அதற்கு அந்தச் சொல் எங்கெங்கே, என்ன பொருளில் வாழ்கிறது என்று பார்க்க வேண்டும். நான் மொழிபெயர்ப்பாளன், இந்தச் சொல்லைத் துரத்திக்கொண்டு போனதுண்டு.

லெபனானிலும் சிரியாவிலும் அரக் என்பது திராட்சையிலிருந்து வடித்து, சோம்பைப் போன்ற ஒரு விதையின் மணம் ஏற்றியது. தண்ணீர் கலந்தால் பால்போல் வெளுத்துவிடும். துருக்கியில் அது ரக்கி. பால்கன் நாடுகளில் ரக்கியா. அங்கே பிளம் என்கிற பழத்திலிருந்து வடிக்கிறார்கள். எத்தியோப்பியாவில் அரகே. மங்கோலியாவில் ஆர்கி, அதைப் பாலிலிருந்து வடிக்கிறார்கள்! ஜாவாவில் கரும்பு வெல்லப்பாகும் அரிசி நொதியும் சேர்ந்தது அராக். கோவாவில் முந்திரிப்பழச் சாற்றை முதல்முறை வடித்தால் உராக். மறுபடி வடித்தால் ஃபெனி. மங்கோலியர் ஆட்சியில் சீனத்தில் 1330இல் எழுதப்பட்ட ஓர் உணவு மருத்துவ நூலில் ‘அலாஜி’ என்ற பெயரில் இது பதிவாகியிருக்கிறது.

மூலப்பொருளைப் பாருங்கள். திராட்சை, பிளம், பால், அரிசி, கரும்பு, முந்திரி, தென்னை. எதுவும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. நிறமும் ஒன்றில்லை, பெரும்பாலானவை தண்ணீர்போல் தெளிந்தவை. செந்நிறத்தால் வந்த பெயர் என்றால் நிறமே இல்லாத மங்கோலியப் பால்மதுவுக்கு அது எப்படிப் போய் ஒட்டும்? இவை எல்லாவற்றுக்கும் பொது ஒன்றே ஒன்றுதான்: வடித்தல். வடிகலம் போன இடமெல்லாம் அதன் வியர்வைப் பெயரும் போயிருக்கிறது.

1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்திய அகராதியும் இதையே சொல்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவர் பர்னல். தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், சரஸ்வதி மகால் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். தமிழ்நாட்டின் நடுவில் உட்கார்ந்திருந்த மனிதர் அந்தச் சொல்லை அரபு என்றே குறித்தார். அவர் தரும் ஒரு தகவல் முக்கியம். வடித்த மதுவைக் குறிப்பதற்கு முன்பு அந்தச் சொல் பேரீச்ச மரத்திலிருந்து கசியும் சாற்றைக் குறித்ததாம், பேரீச்சையின் வியர்வை. ஆக, பனையைச் சீவினால் சொட்டுகிறதே, அந்தக் காட்சியும் அரபுச் சொல்லுக்குள் முன்பே இருந்திருக்கிறது. மரச்சாற்றுக்குப் பெயர் கேட்டு அவர்கள் நம் கரைக்கு வர வேண்டியதில்லை.

கடைசியாக, நம் அரக்கு அரபுக்குப் போகவே இல்லை என்று நினைக்காதீர்கள். அதே பிசினைக் குறிக்கும் வடமொழி லாட்சா வேறு வழியில் போயிருக்கிறது. அரபியில் லுக், ஐரோப்பாவில் லாக், லாக்கர். மரச்சாமான்களுக்குப் பூசும் அரக்குச் சாயம் பிசினாகவே போய்ச் சேர்ந்தது. மதுவாக அன்று.

கொங்குத்தேன் எழுதியது:

வேதியியல் ஆசிரியை நான். பழம்பாட்டில் ஓர் இடத்தைப் பற்றி முதுமொழி ஐயாவிடம் கேட்க வேண்டும். புறநானூறு 392இல் “தேட்கடுப் பன்ன நாட்படு தேறல்” என்று வருகிறது. தேள் கொட்டியதுபோல் கடுக்கும் தேறல். இதைக் காட்டி, சங்ககாலத்திலேயே நாம் வடித்த மது வைத்திருந்தோம், அதனால் சொல்லும் நம்முடையதே என்று சிலர் எழுதுகிறார்கள். திருக்குறள் 1090இல் “அடுநறா” என்று வேறு இருக்கிறது. அடுதல் என்றால் சமைத்தல். காய்ச்சுதல்தானே?

அறிவியல் பக்கம் நான் சொல்லக்கூடியது இது. கள் தானாகப் புளிக்கிறது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சொட்டினால் பதநீர். எங்கள் கொங்குப் பக்கத்தில் தெளுவு என்போம், குமரி மாவட்டத்தில் அக்கானி. சுண்ணாம்பு இல்லையென்றால் சில மணி நேரத்தில் கள். ஏறக்குறைய 5 விழுக்காடு சாராயச்சத்து இருக்கும். எத்தனை நாள் வைத்தாலும் அது ஓர் எல்லையைத் தாண்டாது. நொதிகள் தாங்கள் உண்டாக்கிய சத்திலேயே மடிந்துவிடும், பிறகு காடியாகப் புளித்துப்போகும். எல்லையைத் தாண்ட வேண்டுமானால் வடித்தாக வேண்டும். சாராயச்சத்து 78 பாகையில் கொதிக்கிறது, தண்ணீர் 100 பாகையில். இந்த இடைவெளிதான் வடிகலத்தின் உயிர்.

முதுமொழி எழுதியது:

அம்மா, உங்கள் கேள்விக்குப் பெரும்பாணாற்றுப்படை விடை வைத்திருக்கிறது. அதில் கள் சமைக்கும் முறை முழுவதும் வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற வாயுள்ள பிழாவில் ஆறவிட்டு, பாம்புப் புற்றின் உள்ளே இருக்கும் குரும்பியை, அதாவது புற்றாஞ்சோற்றைப் போன்ற முளைநெல் அடையை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, சாடியில் முதிர்ந்தபின் விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கிறார்கள். “விரலலை நறும்பிழி” என்று முடிகிறது. அடுப்பு அரிசியை வேகவைக்கத்தான் எரிந்தது. அடுநறாவில் உள்ள ‘அடு’ அது. ஆவியைப் பிடித்து வடித்ததற்கு அங்கே ஒரு சொல்லும் இல்லை.

தேள் கடுப்பும் அப்படியே. பாட்டிலேயே ‘நாட்படு’ என்று காரணம் சொல்லப்பட்டிருக்கிறது. நாள்பட்டதால் கடுத்தது. திருமுருகாற்றுப்படையில் “நீடமை விளைந்த தேக்கட் டேறல்” வருகிறது. நீண்ட மூங்கிற் குழாய்க்குள் ஊற்றி முதிர வைத்த தேன்மது. பழையவர்களுக்குக் காலமும் மூங்கிலும் போதுமாக இருந்தன.

கொங்குத்தேன் எழுதியது:

நன்றி ஐயா. முளைநெல் அடை என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க முளைகட்டிய தானியம் வேண்டும். பார்லியை முளைகட்டிப் பீர் செய்வதும் அதே காரணத்துக்காகத்தான். அந்தப் பாட்டை எழுதியவர் அடுப்படியில் நின்று பார்த்திருக்கிறார். நாளை என் வகுப்பில் நொதித்தல் பாடத்தை இந்த வரிகளோடுதான் தொடங்கப்போகிறேன்.

வடித்தலுக்குத் தமிழில் தனிச்சொல் உண்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவத்தில் வடிகலத்துக்கு வாலை என்று பெயர். வாலையில் இறக்கியது தீநீர். ஓமத் தீநீர் என்பது அத்தர்க்கடை அண்ணனின் பாட்டனார் கொடுத்த அதே மூன்றாவது பாட்டில். அவர்கள் வியர்வையைப் பார்த்தார்கள், நாம் தீயைப் பார்த்தோம்.

வடமராட்சியான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் திக்கத்தில் பனஞ்சாராயம் வடிக்கும் ஆலை இருக்கிறது. அதை நாங்கள் திக்கம் வடிசாலை என்போம். வடிசாலை என்ற சொல் எவ்வளவு அழகானது என்று இந்த இழையைப் படிக்கும்போதுதான் உணர்ந்தேன். அரக்கு என்று தமிழர் யாரும் எங்களூரில் சொல்வதில்லை, சாராயம்தான். சிங்களவர்தான் அரக்கு என்பார்கள். நெய்தல் தம்பி அதைச் சான்றாகக் காட்டினார். அந்தச் சொல்லின் இறுதி உகரம் ஏறியதால் நம் அரக்கோடு ஒலி ஒத்துப்போயிற்று, அவ்வளவுதான்.

கட்டுப்பாடில்லாமல் ஒளித்துக் காய்ச்சுவதை இலங்கை முழுவதும் கசிப்பு என்கிறார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும் தமிழ்க் காதுக்குக் கசிதல் என்ற வினை உடனே வந்து நிற்கும். சுவர் கசிகிறது, கண் கசிகிறது. அரபியர் மூடியில் கண்ட வியர்வையும் ஒரு கசிவுதானே.

முதுமொழி ஐயா சொன்ன பிழா என்ற சொல்லைப் படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் கள் குடிக்கும் பாத்திரம் பிளா. பனையோலையை மடித்து, இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டி, தோணிபோல் செய்வார்கள். அப்பு பின்னேரம் வேலியோரம் குந்தியிருந்து இரண்டு கையாலும் அதை ஏந்திக் குடிப்பார். குடித்து முடித்ததும் ஓலையைக் கவிழ்த்து உதறுவார், கடைசிச் சொட்டு மண்ணுக்கு. இது வெறும் ஒலி ஒற்றுமை மட்டுமா, ஐயா?

முதுமொழி எழுதியது:

வடமராட்சியாரே, இது வேறு வகை. அரக்குக்கும் அராக்குக்கும் ஒலி மட்டும் ஒத்தது. பொருள் பிசினுக்கும் மதுவுக்குமாக விலகிக் கிடந்தது, இடம் விலகியது, இடையில் பாலம் எதுவும் இல்லை. பிழாவும் பிளாவும் ஒரே மொழிக்குள் இருக்கின்றன, இரண்டும் கள்ளோடு புழங்கும் பாத்திரங்கள், ழகரமும் ளகரமும் பேச்சில் இடம் மாறுவது நாம் அன்றாடம் கேட்பது. உங்கள் அப்புவின் கையில் இருந்ததைப் பெரும்பாணாற்றுப்படையின் பாத்திரத்துக்கு உறவு என்று சொல்ல நான் தயங்கமாட்டேன். ஒரு சொல் இன்னொரு சொல்லைப் போல ஒலிக்கிறது என்றால் அங்கேதான் விசாரணை தொடங்குகிறது. அங்கேயே தீர்ப்பு எழுதிவிடக்கூடாது.

மலையடிவாரம் எழுதியது:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். நான் சொல்வது உங்கள் உற்சாகத்துக்கு இடையூறாக இருக்கலாம், ஆனால் சொல்லியே ஆக வேண்டும்.

என் தாய்மாமன் ஊருக்கு வெளியே விற்ற சாராயத்தைக் குடித்துக் கண்பார்வை இழந்தவர். விடிந்தும் விளக்கைப் போடச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அது மெத்தனால் செய்த வேலை என்று பிற்பாடு மருத்துவர் விளக்கினார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் அப்படித்தான் இறந்தார்கள். அந்த நாட்களில் செய்தித்தாள்களில் கள்ளச்சாராயம் என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் மகன் கேட்டான், கள்ளிலிருந்து செய்வதால்தான் அதற்குக் கள்ளச்சாராயம் என்று பெயரா என்று. பனையேறிகளுக்கு இதைவிடப் பெரிய பழி வேண்டுமா? கள்ளக்குறிச்சியில் அவர்கள் குடித்ததில் பனையின் ஒரு துளிகூட இல்லை. அந்த அட்டையில் இதையும் தெளிவுபடுத்துங்கள்.

முதுமொழி எழுதியது:

உங்கள் மாமனை நினைத்து மனம் கனக்கிறது.

மகனுக்கு இப்படிச் சொல்லுங்கள். கள்ளச்சாராயத்தில் உள்ள ‘கள்ள’, கள்ளம் என்ற சொல்லிலிருந்து வந்தது. கள்ள நோட்டு, கள்ளச் சாவி, கள்ளச் சந்தை என்பவற்றில் இருக்கும் அதே கள்ளம். கள் என்ற மதுவோடு சாராயம் சேர்ந்தால் புணர்ச்சியில் கட்சாராயம் என்றாகும். ஔவையின் பாட்டில் கள்ளும் பெறினும் சேர்ந்து ‘கட்பெறினே’ ஆனதைப் போல. பேச்சில் கள்ளுச்சாராயம் என்போம். இரண்டு ‘கள்’ளுக்கும் உருவம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. மதுவாகிய கள்ளைச் சேர்ந்தது களிப்பு. வள்ளுவர் 1281இல் “உள்ளக் களித்தலும்” என்று தொடங்கி, அது கள்ளுக்கு இல்லை, காமத்துக்கு உண்டு என்று முடிக்கும்போது அந்த உறவை வைத்தே விளையாடுகிறார். அவரேதான் 926இல் “நஞ்சுண்பார் கள்ளுண் பவர்” என்றும் எழுதினார். இரண்டையும் ஒரே கை எழுதியது.

திசைகாட்டி எழுதியது:

ஒலியில் ஏமாறுவது நமக்கு மட்டும் நேர்வதில்லை. ஆல்ககால் என்ற சொல் அரபியின் அல்குஹ்ல் என்பதிலிருந்து வந்தது. பொருள் என்ன தெரியுமா? கண்ணுக்குத் தீட்டும் மை. மிக நுண்ணிய பொடி என்பதிலிருந்து, ஒரு பொருளின் மிக நுண்ணிய சாரம் என்று நகர்ந்து, 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற மருத்துவர் மதுவின் சாரத்துக்கு அதைச் சூட்டினார். ஆனால் குர்ஆனில் மதுமயக்கத்தைக் குறிக்கும் ‘கவ்ல்’ என்ற சொல்தான் அதன் தாய் என்று எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. பொருள் பொருந்துகிறது, ஒலியும் ஏறக்குறைய ஒத்துப்போகிறது, ஆனால் சொல் நடந்து வந்த தடம் கண்மையின் தடம்தான்.

செங்காந்தள் எழுதியது:

இவ்வளவு கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. ஒரே ஒரு ஐயம் மிச்சம். அப்படியானால் சாராயம்?

முதுமொழி எழுதியது:

தெலுங்கிலும் கன்னடத்திலும் சாராயி, மலையாளத்தில் சாராயம். தென்னாட்டுக்குப் பொதுச்சொல். சாரம் என்பதோடு சேர்த்துப் பார்ப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. அட்டைக்கு அது தேவைப்படாது, விட்டுவிடுங்கள்.

நெய்தல் எழுதியது:

நான் சொன்னது தவறு. மங்கோலியப் பால்மதுவைப் படித்தபோதே என் நிற விளக்கம் உடைந்துவிட்டது. அய்ன் என்ற எழுத்தைப் பற்றி அண்ணன் எழுதியதை மறுமுறை படித்தபோது மற்றதும் போயிற்று. எங்கள் தாத்தா பனையேறி. அவர் இடுப்பில் கட்டிய பாளை அரிவாளும் மார்பில் காய்த்த தழும்பும் எனக்கு நினைவிருக்கின்றன. அவர் தொழிலிலிருந்து ஒரு சொல்லாவது உலகம் சுற்றியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதனால்தான் அவ்வளவு அடித்துப் பேசினேன். அட்டையில் அவருடைய சொற்களை வையுங்கள்: பாளை, கலயம், சீவுதல், பதநீர், தெளுவு, அக்கானி. அவை எங்கிருந்தும் வாங்கியவை அல்ல.

செங்காந்தள் எழுதியது:

நெய்தல், உங்கள் தாத்தாவின் சொற்கள் அனைத்தையும் சேர்த்துவிட்டேன். அட்டையின் புதிய வாசகம் இது:

“பனையின் பாளையைச் சீவினால் சொட்டுவது பனஞ்சாறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். கொங்குநாட்டில் தெளுவு, குமரியில் அக்கானி. சுண்ணாம்பு இல்லையென்றால் புளித்துக் கள். கள்ளுக்குச் சங்கப் பாட்டுகளில் நறவு, தேறல், பிழி, மட்டு என்று பல பெயர்கள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பனையோலைப் பிளாவில் கள் அருந்துவார்கள். பெரும்பாணாற்றுப்படையில் கள் சமைக்கும் அகன்ற பாத்திரத்தின் பெயர் பிழா. கள்ளைக் காய்ச்சி வடித்தால் சாராயம். ஆங்கிலத்தில் இதை அராக் என்பார்கள். அது வியர்வை என்று பொருள்படும் அரபுச் சொல். வடிகலத்தின் மூடியில் ஆவி துளிர்ப்பதைப் பார்த்து வைத்த பெயர். கள்ளச்சாராயம் என்பதில் உள்ள கள்ளம் திருட்டைக் குறிக்கும். பனங்கள்ளுக்கும் அதற்கும் உறவில்லை.”

சரிதானா?

கொங்குத்தேன் எழுதியது:

சரி. அச்சுக்குக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா. தேறலுக்கு வல்லின ‘ற’. எங்கள் பள்ளியில் போன ஆண்டு மாட்டிய பலகையில் ‘தேரல்’ என்று அச்சாகி, இன்னும் சுவரில் தொங்குகிறது.

அத்தர்க்கடை எழுதியது:

அட்டைக்குப் பக்கத்தில் வைக்க ஒரு பொருள் வேண்டுமானால் சொல்லுங்கள். பாட்டனாரின் செம்புப் பாத்திரம் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. மூக்குக் குழாய் கொஞ்சம் நசுங்கியிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறது. துலக்கி எடுத்துக்கொண்டு வருகிறேன்.